பதினாலாம் எண் இடமும் ஒரு பிர்ச் மரமும்

ட்ரெய்லரைப் பின்பக்கமாக ஓட்டத் தெரிந்தவர்கள் உலக வரலாற்றிலேயே மூன்று பேர்தான். அதில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள்.

மிச்சிகன் மாநிலத்தில் சுப்பீரியர் ஏரிக்கரையில், ட்ரெய்லர் வீடுகளை இழுத்து வந்து கோடைக்குத் தங்கும் எங்கள் முகாமில் ரெய்னோ லஹ்தி ஒவ்வொரு ஜூலையும் இதை அறிவிப்பார். வயது எழுபத்தாறு. இறந்த இருவரில் ஒருவர் அவருடைய அப்பா. மற்றவர் யார் என்று கேட்டால், "அவரெல்லாம் நீ பொறக்கறதுக்கு முன்னாடி" என்பார். எழுபது வயது டோலோரஸ் பெல்டியருக்கும் இதே பதில்தான் கிடைத்தது.

டோலோரஸ் பக்கத்துப் பதினைந்தாம் எண் இடத்துக்காரர். கணவர் போன பிறகு தனியாகவே தன் ட்ரெய்லரை இழுத்து வருகிறார். பின்பக்க பம்பரில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு ஓட்டுபவர் முன்னால் திரையில் படம் காட்டும் கேமரா, பட்டனை அமுக்கினால் தானே ஏறி இறங்கும் ஜாக்கி, நாலு மூலைத் தாங்கிகளையும் நொடியில் இறக்க ஒரு மின்சார டிரில். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ரெய்னோ சொன்னது ஒரே வரி: "ட்ரெய்லருக்குப் பல்செட் கட்டியிருக்கா."

முகாமில் ஒரு மரியாதை உண்டு. ஒருவர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, அவர் கூப்பிடாமல் யாரும் உதவிக்குப் போகக் கூடாது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து பார்க்கலாம். ரெய்னோ வருகிற நாளில் நாற்காலிகளுக்குப் பஞ்சமே வந்துவிடும். ஒரே மூச்சில் உள்ளே விடுவார். கை தட்டுவோம்.

ரெய்னோ இங்கே வந்த முப்பத்தொரு வருடமும் வண்டிக்குப் பின்னால் நின்று சைகை காட்டியவர் அவர் மனைவி எல்மா. அவருக்கு யாரும் கை தட்டியதில்லை. போன வருடம் சைகை காட்டியபடியே பின்னால் நடந்தவர், தண்ணீர்க் குழாய் தடுக்கி விழுந்தார். சக்கரத்துக்கும் அவர் காலுக்கும் இரண்டு சாண் இடைவெளி. ரெய்னோவுக்குத் தெரியவே இல்லை. அவர் கழுத்து இப்போதெல்லாம் தோள் வரைக்கும்தான் திரும்புகிறது.

இந்த வருடம் தங்களுடைய பதினாலாம் எண் இடத்துக்கு முன்னால் வந்து நின்றதும் எல்மா ட்ரெய்லரை இழுத்து வந்த பிக்அப்பிலிருந்து இறங்கி, நேராகப் போய் நாற்காலிக்காரர்களோடு உட்கார்ந்துகொண்டார்.

"நான் இனிமே பின்னாடி நிக்க மாட்டேன், ரெய்னோ. நீயே பார்த்து உள்ள விடு. எதையாவது இடிச்சே, ட்ரெய்லரையே வித்துடுவோம். என் தங்கச்சி மகன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"முப்பத்தொரு வருஷத்துல நான் எதையாவது இடிச்சிருக்கேனா?"

"முப்பத்தொரு வருஷமும் நான்ல பின்னாடி நின்னேன்."

முதல் முறை கோணலாகப் போனது. இரண்டாம் முறை இன்னும் கோணல். மூன்றாம் முறை டோலோரஸ் முகாம் மரியாதையைக் காற்றில் விட்டு, ஓடிப் போய் ட்ரெய்லரின் பக்கவாட்டில் படபடவென்று தட்டினார். "நிறுத்து! நிறுத்துப்பா!"

ரெய்னோ இறங்கி வந்து பார்த்தார். இடத்தின் இரண்டு ஓரத்திலும் நிற்கும் பிர்ச் மரங்களில் ஒன்றின் பட்டை பம்பரில் நகத்தளவு ஒட்டியிருந்தது.

"இடிக்கல. தொட்டிருக்கு. அவ்வளவுதான்."

"சரி, தொட்டதுக்காக வித்துடுவோம்," என்றார் எல்மா.

"என் கேமராவை எடுத்துக்கோயேன். ஒட்டினா ஒட்டிக்கும். ரெண்டு நிமிஷ வேலை," என்றார் டோலோரஸ்.

"கண்ணு இருக்கறவனுக்கு எதுக்கு கேமரா?"

"கண்ணு இருக்கு. கழுத்து?"

நாற்காலிகள் சிரித்தன. ரெய்னோ சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, வண்டியை அப்படியே குறுக்காக விட்டுவிட்டு உள்ளே போனார். முகாம் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, காலைக்குள் நேராக நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி சரிவில் நின்றதால் சாப்பாட்டுத் தட்டில் இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டிக்கு ஊற்றிய குழம்பு ஏரிக்கு அக்கரையில் இருக்கும் கனடா பக்கமாக ஓடியது. தட்டைக் கையால் தூக்கிப் பிடித்தபடியே இருவரும் சாப்பிட்டார்கள். தங்கச்சி மகனைக் கூப்பிட எல்மா போனை எடுத்தார்.

"காலையில பேசேன்," என்றார் ரெய்னோ.

"ஏன்?"

"அவங்க ஊர்ல இப்ப சாப்பாட்டு நேரமா இருக்கும்."

"அவனும் மிச்சிகன்லதான் இருக்கான், ரெய்னோ."

ரெய்னோ ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலும் சாய்ந்திருந்ததால் ஏரியும் சாய்ந்தே தெரிந்தது. எல்மா போனைக் கவிழ்த்து வைத்தார். அது மெல்ல வழுக்கிக்கொண்டு மேசை ஓரத்துக்குப் போனது.

விடிந்ததும் எல்மா துண்டை எடுத்துக்கொண்டு முகாமின் குளியலறைக்குப் போனார். இருபது நிமிடத்தில் திரும்பி வந்தபோது ட்ரெய்லர் இரண்டு பிர்ச் மரங்களுக்கும் நடுவே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நின்றது. நாலு மூலைத் தாங்கிகளும் தரையைத் தொட்டிருந்தன. அவற்றைக் கையால் சுற்றி இறக்கவே ரெய்னோவுக்கு அரை மணி நேரம் ஆகும், இடையில் நான்கு முறை இடுப்பைப் பிடித்துக்கொள்வது தனி.

ட்ரெய்லரைக் கழற்றாமல், பிக்அப்பிலேயே உட்கார்ந்து அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"நீயேவா விட்டே?"

"வேற யாரு? மூணு பேர்ல மிச்சம் நான்தானே."

"எதுலயும் இடிக்கலையே?"

"தொடக்கூட இல்ல."

பதினைந்தாம் எண் இடத்தில் டோலோரஸ் நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத மேகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

எல்மா அலுவலகத்துக்குப் போய், அடுத்த ஜூலைக்கும் பதினாலாம் எண் இடத்தைத் தன் பெயரில் எழுதி வைத்தார். திரும்பி வரும் வழியில் ட்ரெய்லருக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்து, போன வருடம் விழுந்த அதே இடத்தில் நின்றார். பம்பரில், மரப்பட்டை ஒட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒரு சின்னக் கண் அவரைப் பார்த்தது.

எல்மா வலது கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். முப்பத்தொரு வருடமாக 'நிறுத்து' என்பதற்கு அவர் காட்டிய சைகை அதுதான்.

நின்றுகொண்டிருந்த வண்டியின் பிரேக் விளக்குகள் இரண்டும் சட்டென்று சிவப்பாக எரிந்தன.