தகட்டுப் படத்தில் இடது கை

அது ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பதாம் வருடமா அதற்கு அடுத்ததா என்று இப்போது எனக்கு உறுதியாகச் சொல்ல வரவில்லை. அன்று தெருவில் பலமாகக் காற்று வீசியது என்று சிலர் சொல்கிறார்கள். என் நினைவிலோ தூசி அசையாமல் நிற்கிறது. நான் பார்த்ததையும் பிற்பாடு லவினியா சொன்னதையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கவும் கூடும். ஆனால் அந்த மூன்று நாள் அவள் பட்ட பாடு பொய்யில்லை.

கணவன் காய்ச்சலில் போனபின் லவினியா ஹார்க்னஸில் சாப்பாட்டு விடுதி நடத்திவந்தாள். டெக்சாஸிலிருந்து நடந்து வரும் மாட்டு மந்தைகள் ரயிலேறும் ஊர் அது. மாதக்கணக்கில் மாட்டின் பின்னாலேயே தூசி தின்று வந்தவர்கள் குளிப்பார்கள், முடி வெட்டிக்கொள்வார்கள், குடிப்பார்கள், பிறகு சுடுவார்கள். அந்தக் கோடையின் தொடக்கத்தில் நான்கு பேரைப் புதைத்தோம். ஒருவர் பள்ளி வாத்தியார். தன் வீட்டு வாசலில் சும்மா நின்றவர். அதன்பிறகுதான் கடைக்காரர்கள் கூடிப் பேசி, ஓரின் பாஸ்கமை ஊர்க் காவலுக்குக் கூலிக்கு அமர்த்தி, மார்ஷல் என்று பெயரும் கொடுத்தார்கள்.

பாஸ்கம் ஏழு பேரைக் கொன்றவர் என்று பேச்சு. கேட்டால் ஒப்புக்கொள்ளவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. பாலம் தாண்டி வருகிறவன் குதிரை லாயத்தில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ஒரு பித்தளை வில்லை வாங்கிக்கொள்ள வேண்டும். ஊரைவிட்டுப் போகும்போது வில்லையைக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். அதன்பின் இரண்டு மாதம் ஒரு சாவும் இல்லை.

அவர் தங்கியது லவினியாவின் விடுதியில். அதிகம் பேசமாட்டார். அவரது மௌனம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அறைக்குள் ஒரு பெரிய மரப்பெட்டி இருப்பதுபோல, அதைச் சுற்றி நடந்து வேலை செய்தாள். பீன்ஸில் இன்னும் கொஞ்சம் பாகு வேண்டுமென்றால் கேட்கமாட்டார், கிண்ணத்தை ஒரு விரல் அளவு அவள் பக்கம் தள்ளுவார்.

அப்போதுதான் அவள் தம்பி ஜூபல் ஒரு மந்தையோடு வந்து சேர்ந்தான். இருபத்திரண்டு வயது. வந்த முதல் நாளே அவன் கூட்டாளி ஒருவன் துப்பாக்கியோடு ஊருக்குள் நுழைந்து, பாஸ்கமிடம் மண்டையில் அடி வாங்கிப் படுத்தான். புதன்கிழமை ஜூபல் சமையலறையில் உட்கார்ந்து பீச் பழ அடையைத் தின்றபடி சொன்னான்.

"அக்கா, சனிக்கிழமை மத்தியானம் நீ வாசப்பக்கம் வராத."

"ஏன்டா?"

"துப்பாக்கியோட வரப்போறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? அவர் யாருன்னு தெரியுமா?"

"தெரியும். உன் கையால தின்னு தின்னு தொந்தி போட்ட ஆளு." அவன் சிரித்தான். "அந்தாளு இடதுகைக்காரன். கடை ஜன்னல்ல படம் வச்சிருக்காங்களே, பார்த்தேன். இடது இடுப்புல தொங்குது. ஆத்துக்கு அந்தப் பக்கம் பழகிட்டிருக்கேன். இடது தோள் அசையட்டும், அதுக்குள்ள நான் சுட்டிருப்பேன்."

"வேணாம்டா. இங்கேயே இரு, நான் பேசறேன்."

"பசங்க முன்னாடி சொல்லிட்டேன் அக்கா. இனிமே எப்படி?"

ஊருக்கு வருகிறவர்கள் பயப்படட்டும் என்று கடைக்காரர்கள் மாட்டிவைத்த படம் அது. தகட்டில் எடுக்கும் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல, வலது இடதாகிவிடும். மாட்டுக்காரப் பையன்கள் ஒவ்வொருவனிடமும் அப்படி ஒரு படம் இருந்தது. ஆனால் அதில் எவனும் தன் முகத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. பாஸ்கமின் நீளக் கோட்டுக்குள் துப்பாக்கி எந்தப் பக்கம் என்று வெளியே தெரியாது. தினமும் அவர் வலது கையால் கரண்டி பிடிப்பதைப் பார்க்கும் லவினியாவுக்குத் தெரியும்.

ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. அவள் விழுங்கிவிட்டாள்.

வியாழன் முழுக்க அவள் அதையே கணக்குப் போட்டாள். சொன்னால் ஒருவர் போவார், சொல்லாவிட்டால் மற்றவன். மாவு பிசைந்தபடியே எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் கணக்கு அதேதான்.

வெள்ளிக்கிழமை காலை பாஸ்கமின் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அதுவரை அவள் அப்படி உட்கார்ந்ததில்லை.

"என் தம்பி உங்களை இடதுகைன்னு நினைச்சிட்டிருக்கான்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "படத்தைப் பார்த்தா?"

"ஆமா. நாளைக்கு மத்தியானம் வரான்."

அடுப்பில் தண்ணீர் கொதித்து அடங்கியது.

"இதை அவன்கிட்டதானே சொல்லணும் அம்மணி. என்கிட்ட ஏன்?"

"அவன்கிட்ட சொன்னா உங்களைச் சுட்டுடுவான். சொல்லாம விட்டா நீங்க அவனைச் சுட்டுடுவீங்க. உங்ககிட்ட சொன்னா ரெண்டு பேரும் சாயங்காலம் சாப்பிட வருவீங்களோன்னு பார்க்கறேன்."

"சுடறது சுலபம். சுடாம இருக்கணும்னா கிட்டப் போகணும்."

"அவன் உங்க இடது தோளையே பார்த்துட்டு நிப்பான்."

"அப்போ அதை அசைக்காம நடக்கணும்," என்றார். மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

சனிக்கிழமை லவினியா வாசலில்தான் நின்றாள். ஜூபல் நடுத்தெருவில், இடுப்பில் துப்பாக்கியோடு. முடிவெட்டும் கடையிலிருந்து பாஸ்கம் இறங்கி வந்தார். இடது கைக் கட்டைவிரல் கோட்டுப் பொத்தானில் மாட்டியிருந்தது.

"வர்ற வழியில ஆத்துல எத்தனை மாடு அடிச்சுட்டுப் போச்சு தம்பி?"

"அங்கேயே நில்லு."

"நிக்கத்தான் வரேன். எனக்குக் காது மந்தம்."

"நில்லுன்னு சொல்றேன்ல."

ஜூபலின் கண் இடது தோளைவிட்டு நகரவில்லை. ஒரு கை தூரம் வந்ததும் பாஸ்கமின் வலது கை வெளியே வந்து, துப்பாக்கிக் குழாயால் அவன் காதுக்குமேல் அடித்தது. சரியும்போது ஜூபலின் துப்பாக்கி ஒருமுறை வெடித்தது. குண்டு பாஸ்கமின் இடது பாதத்தின் நுனியைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அந்த நிமிடத்தில் அவர் திருப்பிச் சுட்டிருந்தால் ஊரில் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் லவினியா நின்ற வாசல் பக்கம் பார்த்தார். பிறகு துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டுத் தெருவிலேயே உட்கார்ந்தார்.

ஜூபல் சமையலறையில் கண் திறந்தான்.

"நீயா சொன்ன?"

"நான்தான்."

"பசங்க சிரிக்கிறாங்க அக்கா. செத்தே போயிருக்கலாம்."

"முதல்ல சூப்பைக் குடி. அப்புறம் யோசிக்கலாம்."

குடித்தான். அழுதுகொண்டே.

ஜூபல் டெக்சாஸுக்குத் திரும்பிப் போய் ஆறு வருடம் கடிதம் போடவில்லை, பிறகு போட்டான். அங்கே ஆடு வளர்த்தான், பிள்ளைகள் ஐந்து. ரயில் பாதை மேற்கே நீண்டதும் மந்தைகள் வருவது நின்றது, ஊருக்கு மார்ஷல் தேவைப்படவில்லை. காலில் மூன்று விரல் இழந்த பாஸ்கம் கொஞ்சம் நொண்டி நடந்தபடி லவினியாவின் விடுதியிலேயே ஒன்பது வருடம் இருந்தார். அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி இறந்தார். அதன்பின் லவினியா பதினோரு வருடம் இருந்தாள். விடுதி இப்போது தானியக் கிடங்கு.