பின்பக்கத்து நூல்

2011 மார்ச் 31, வியாழக்கிழமை, நெசவாலையின் முதல் மாடியில் இயங்கிவந்த மெண்டிங் பிரிவு மூடப்பட்டது. அன்று பணியில் இருந்தவர்கள் இருபத்தாறு பேர். எல்லோரும் பெண்கள்.

தறியிலிருந்து இறங்கும் துணியில் இழை அறுந்த இடங்களைத் தேடிப்பிடித்து, அதே நூலை ஊசியில் கோத்து, மேலே ஒன்று கீழே ஒன்று என்று நெசவு போன வழியிலேயே ஓட்டிச் சரிசெய்வது அவர்கள் வேலை. சரிசெய்த இடத்தில் துணியின் பின்பக்கம் விரல் நீளத்துக்கு நூல் நுனி தொங்கும். அதை ஒட்ட வெட்டிவிட்டால் வேலை முடிந்தது. நன்றாகச் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தால் மேற்பார்வையாளர் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்.

இருபத்தாறு பேரில் ஒருத்தியை எல்லோரும் ஊசியக்கா என்பார்கள். ஒல்லியான உடம்புக்காகவா, வாய்க்காகவா என்பதில் இரண்டு கட்சி இருந்தது. ஆலையில் இருபத்திரண்டு வருடம். மூடியபோது வயது நாற்பத்தாறு. அதன்பிறகு ஒரு வருடம் பல் மருத்துவமனையொன்றில் தரை துடைத்தாள். துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அங்கே கிடந்த பழைய செய்தித்தாளில் அந்த விளம்பரத்தைப் பார்த்தாள். கலைக் கல்லூரியின் துணிக்கலைப் பிரிவு, இரண்டு வருட டிப்ளமா, ஆலை வேலை இழந்தவர்களுக்கு இரண்டு இடம். டிப்ளமா இருந்தால் பெண்கள் பயிற்சி மையத்தில் தையல் ஆசிரியை வேலைக்கு மனுப் போடலாம். நிரந்தர வேலை. ஐம்பது நிறையாமல் இருக்க வேண்டும். விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். படிப்பு முடிகிற வருடத்து ஜூலையில் அவளுக்கு ஐம்பதாக இரண்டு மாதம் பாக்கி இருக்கும். அந்த ஒரு தடவைதான் மனுப் போட முடியும்.

கல்லூரியில் அவளோடு படித்த பதினேழு பேரும் இருபது வயதைத் தாண்டாதவர்கள். முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். "உக்காருங்கம்மா, நானும் உங்களை மாதிரிதான்" என்று சொல்லிக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

சாயம் போடுவது, தறியில் நூல் ஏற்றுவது எல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. இடித்தது கடைசிப் பருவம்தான். ஆளுக்கொரு படைப்பு செய்ய வேண்டும். அது சொந்தக் கற்பனையாக இருக்க வேண்டும். அந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் காட்ட வேண்டும். பிள்ளைகள் காய்ந்த இலை, துருப்பிடித்த ஆணி, பேருந்துச் சீட்டு என்று ஒட்டித் தள்ளினார்கள். ஏழு வாரம் கழித்தும் ஊசியக்காவின் நோட்டில் முதல் பக்கத்தில் ஒரு டீக்கறை மட்டும் இருந்தது. அதுவும் தவறி விழுந்தது.

"ஏதாவது வரைஞ்சு வையேம்மா. அவங்க என்ன உள்ள புகுந்தா பாக்கப்போறாங்க?" என்றாள் மகள். மருந்துக்கடையில் நின்று நின்று வீங்கிய காலை வாளித் தண்ணீரில் வைத்தபடி.

"வரையத் தெரியும்டி. எதை வரையறதுன்னுதான் தெரியல."

"அப்ப என் காலை வரை. யானைன்னு சொல்லிக்கலாம்."

வகுப்புக்கு வரும் விரிவுரையாளருக்கு முப்பது வயதுகூட இருக்காது. எல்லோரும் மேடம் என்றார்கள், ஊசியக்காவும் அப்படித்தான். "உங்களுக்குன்னு ஒண்ணு இருக்கும்மா, யோசிங்க" என்று வாரத்துக்கு ஒருமுறை சொல்லிவிட்டுப் போவாள். யோசித்தால் ஊசியக்காவுக்குத் தலைவலிதான் வந்தது. ஆலையில் இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அவளை யோசிக்கச் சொன்னதில்லை.

ஜனவரியில் ஒரு நாள் மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பக்கத்து மேசையில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய பழுப்புத் துணியின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்திருந்தது. எப்போதும் காதில் ஹெட்போன் மாட்டியிருக்கும் பெண்ணின் துணி அது. பாவம், கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து ஊசியக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். துணியின் ஓரத்திலிருந்தே நூல் உருவி, ஐம்பது நிமிடத்தில் அடைத்துவிட்டாள். நுனி வெட்டக் கத்தரியைத் தேடுவதற்குள் மணி அடித்துவிட்டது.

ஹெட்போன் பெண் வந்தாள். சட்டத்தைப் பார்த்தாள். காதிலிருந்து அதைக் கழற்றினாள். அவள் அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

"ஆன்ட்டி! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"கிழிஞ்சிருந்துச்சும்மா. சும்மாதானே உக்காந்திருந்தேன், அதான்..."

"அது கிழிசல் இல்ல ஆன்ட்டி! அதுதான் என் ப்ராஜெக்ட்! மூணு வாரமா பண்ணின ஓட்டை!"

"ஓட்டை போட மூணு வாரமா?"

வகுப்பே சிரித்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். ஊசியக்கா கூனிக் குறுகிப்போனாள். "பிரிச்சுக் குடுத்துடறேம்மா, பத்து நிமிஷம்" என்று சட்டத்தை இழுத்தாள். அதற்குள் மேடம் வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். ஓட்டை இருந்த இடத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. சட்டத்தைத் திருப்பினாள். பின்பக்கம் ஏறக்குறைய நூறு நூல் நுனிகள் சிலிர்த்துக்கொண்டு நின்றன.

"இதை என்ன செய்வீங்க?"

"வெட்டிடுவோம் மேடம். வெட்டினாதானே வேலை முடியும்."

மேடம் சட்டத்தை அப்படியே, பின்பக்கம் முன்னால் தெரிகிற மாதிரி, சுவரில் சாய்த்து வைத்தாள். ஊசியக்காவுக்கு உள்பாவாடையை வெளியே காயப்போட்ட மாதிரி இருந்தது.

அன்று மாலை பேருந்தில் ஜன்னலோரம் நின்றபடி வந்தாள். அந்த நுனிகள் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஆலையில் வெட்டுவதற்கு முன்னால் துணியைத் திருப்பிப் பார்த்தால் யார் தைத்தது என்று அவளால் சொல்ல முடியும். இடதுகைக்காரியின் நூல் எதிர்ப்பக்கம் சாயும். ஒருத்தி நூலைப் பாதியில் எச்சில் தொட்டு முறுக்குவாள், நுனி கம்பி மாதிரி நிற்கும். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட சோடாக்கா கண் மோசமாகத் தொடங்கியபின் இரண்டு இழை கூடுதலாக விடுவாள். முகம் மறந்துபோனவளின் நூல்கூட ஞாபகம் இருந்தது. வெட்டிக் கூட்டி அள்ளி, தினமும் இரண்டு மூட்டை குப்பைக்குப் போயிருக்கிறது. உட்கார இடம் கிடைத்ததும் நோட்டை எடுத்தாள். அடுத்தடுத்து ஆறு பக்கம் வெறும் நூல் நுனிகளாக வரைந்தாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள். நடந்து வந்தபோது கால் வலிக்கவில்லை.

ஆலை வாசலில் கழிவுத் துணி விற்கும் கடையில், இழை விட்டுப்போன வெள்ளைத் துணி மூன்று மீட்டர் வாங்கினாள். நாற்பத்தெட்டுப் பழுது இருந்தது. இருபத்தாறு பேரில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். நான்கு பேர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. மிச்சம் பேரை ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகத் தேடிப் போனாள்.

"எதுக்குடி இது? யாரு வாங்குவா?" என்று கேட்டாள், இப்போது பேருந்து நிலையத்தில் பழம் விற்கும் இடதுகைக்காரி.

"விக்க இல்ல. சுவத்துல மாட்ட. பின்பக்கம் தெரியிற மாதிரி."

"பின்பக்கத்தையா? அடிப்பாவி, நம்ம மானத்தை வாங்கறதுக்குத்தான் காலேஜுக்குப் போனியா?"

ஆனாலும் தைத்தாள். எல்லோருமே தைத்தார்கள். ஒவ்வொருத்தியும் ஊசியை வைத்த கையோடு கத்தரிக்குக் கை நீட்டினாள். கேட்டுவிட்டு நீட்டவில்லை, கை தானாகப் போயிற்று. ஊசியக்கா கத்தரியை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "ஏய், ஒண்ணே ஒண்ணுடி, அரிக்குது" என்று கெஞ்சுவார்கள். ஏப்ரல் முதல் வாரத்துக்குள் பதினெட்டுப் பேர் தைத்து முடித்திருந்தார்கள். ஊசியக்கா தன் பங்கையும் தைத்தாள். மேடம் துணியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு செல்போனில் ஒரு மூலையைப் படம் எடுத்தாள். "உங்க கூட்டத்துல யாராவது பாக்கியா?" என்று கேட்டாள்.

சோடாக்கா பாக்கி.

சோடாக்கா ஊசியக்காவுக்கு ஒன்பது வயது மூத்தவள். பத்தொன்பது வருடம் பக்கத்து மேசை. கண்ணில் புரை எடுத்தும் சரியாகாமல் இடது கண் போயிற்று. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும். மகன் வீட்டின் பின்னறையில் இருந்தாள். ஊசியக்கா துணியை மடியில் வைத்ததும் அவள் விரல்கள் ஓடத் தொடங்கின.

"இங்க ஒண்ணு விட்டிருக்கு. இங்க ரெண்டு. எனக்குன்னு வச்சியா?"

"உனக்குன்னுதான் வச்சேன். ஊசியில நூல் கோத்துட்டுப் போறேன், பத்து ஊசி. பொறுமையா தை. எனக்கு நாளைக்கும் மறுநாளும் எழுத்துப் பரீட்சை. வெள்ளிக்கிழமை காலைல வந்து வாங்கிக்கறேன். அன்னிக்குத்தான் கொடுக்கணும்."

"பரீட்சையா? பிட்டு கிட்டு அடிச்சு மாட்டிக்காதடி" என்று சிரித்தாள் சோடாக்கா. மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் கையில் ஊசி. ஊசியக்கா கிளம்பியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் போனபோது துணி நான்காக மடித்துச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலில் தயாராக இருந்தது. சோடாக்கா குளித்துத் தலைசீவி உட்கார்ந்திருந்தாள்.

"பிரிச்சுப் பாரு. கண்ணு போனவ வேலை மாதிரியா இருக்கு?"

ஊசியக்கா பிரித்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தன. தறியிலிருந்து பழுதே இல்லாமல் இறங்கிய துணி மாதிரி வழவழவென்று இருந்தது.

"படிக்கிற அவசரத்துல அத்தனையும் வெட்டாம விட்டுட்ட, பாத்தியா" என்றாள் சோடாக்கா. "தடவினா கை முழுக்க நூலு. எனக்கு ஒரே பதைப்பாப் போச்சு. இதை இப்படியே கொண்டுபோய்க் குடுத்தா உன்னை என்ன நினைப்பாங்க? நேத்து முழுக்க உக்காந்து ஒண்ணொண்ணா வெட்டினேன். ஒரு இடத்துலகூட துணியில கத்தரி படல. நல்லா பாரு."

ஊசியக்கா துணிமேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்தினாள். எங்கும் தட்டவில்லை. வெட்டாதே என்று மற்றவர்களிடம் சொன்னதை இவளிடம் சொல்லாமலே போயிருந்தாள்.

"என்னடி பேச்சையே காணோம்? எங்கயாவது விட்டிருச்சா?"

"இல்லக்கா. சுத்தமா இருக்கு."

"வெட்டினதெல்லாம் எங்கக்கா?" என்று துணியை மடித்தபடி ஊசியக்கா கேட்டாள்.

"மருமக காலைலயே பெருக்கிட்டுப் போயிட்டா. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

கல்லூரிக் கூடத்தில் துணியை மாட்ட மேடம் ஏணியில் ஏறினாள். பாதியில் நின்று கீழே பார்த்தாள்.

"யாரும்மா வெட்டினது?"

"நான்தான் மேடம். பழக்கதோஷம்."

மேடம் துணியின் இரண்டு பக்கமும் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு மாட்டிவிட்டு இறங்கினாள்.

வெளியிலிருந்து இரண்டு தேர்வாளர்கள் வந்திருந்தார்கள். மூத்தவர் நரைத்த தாடிக்காரர், மரியாதையாகப் பேசினார். ஹெட்போன் பெண்ணின் புதிய ஓட்டைக்கு முன்னால் இருபது நிமிடம் நின்றார்கள். பிறகு வெள்ளைத் துணிக்கு வந்தார்கள்.

"இதுல என்ன செஞ்சிருக்கீங்கம்மா?"

"இதுல இருபது பேரு வேலை இருக்குங்க. நாற்பத்தெட்டு இடத்துல."

"எங்க?"

ஊசியக்கா ஒரு இடத்தில் விரல் வைத்தாள். தாடிக்காரர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். இன்னொருவரும் பார்த்தார். "பின்பக்கம்?" என்று கேட்டார். மேடம் திருப்பிக் காட்டினாள். "நான் நேர்ல பார்த்தேன் சார், இப்படி இல்ல, நோட்டுல இருக்கு பாருங்க" என்று நோட்டைப் புரட்டினாள். செல்போனில் அந்த மூலையின் படத்தையும் காட்டினாள்.

"நோட்டு நல்லா இருக்கு" என்றார் தாடிக்காரர். "ஆனா நோட்டுக்குப் பத்து மார்க்தான் மேடம். மிச்சம் எல்லாம் படைப்புக்கு. கண்ணுல படறதுக்குத்தானே நாங்க மார்க் போட முடியும்?"

மே மாதம் முடிவு வந்தது. படைப்புத் தேர்வில் ஊசியக்காவுக்கு நூற்றுக்கு இருபத்தொன்று. குறிப்பு என்ற இடத்தில், 'கைவேலை எதுவும் காணப்படவில்லை. டிசம்பரில் மறுதேர்வு எழுதலாம்' என்று இருந்தது. பயிற்சி மையத்தின் பட்டியல் ஜூலை பத்தாம் தேதி வந்தது. பதினொரு பேர் தேர்வாகியிருந்தார்கள். செப்டம்பரில் அவளுக்கு ஐம்பது நிறைந்தது. அவள் மறுதேர்வு எழுதவில்லை. பல் மருத்துவமனையில் பழைய இடத்தில் வேறு ஆள் சேர்ந்திருந்ததால், மாடிப்படிகளும் கழிப்பறைகளும் அவளுக்குக் கொடுக்கப்பட்டன.

திரும்ப வாங்கப்படாத படைப்புகள் விதிப்படி கல்லூரிக்குச் சொந்தம். பட்டமளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினருக்குப் போட்ட மேசைக்கு விரிப்பு இல்லாமல் போக, அலுவலக உதவியாளர் கிடங்கிலிருந்து அந்த வெள்ளைத் துணியை எடுத்துவந்து விரித்தார். அளவு சரியாக இருந்தது. விழா முடிந்து வெளுத்து வந்தபின் இருப்புப் பதிவேட்டில் சேர்த்தார்கள்: மேசை விரிப்பு, வெள்ளை, ஒன்று. பழுது இல்லை.