வாரம் பதினாலு

வெளிநாட்டு இயந்திரங்களோடு வருகிற கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து டேனிஷுக்கு மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. லெம்விக் மாதிரி ஒரு சின்னத் துறைமுக ஊரில் உட்கார்ந்துகொண்டு, துணி துவைக்கும் மெஷினும் காபி மெஷினும் பேசுகிற ஆங்கிலத்தை எங்கள் ஊர்ப் பேச்சுக்குக் கொண்டுவருவேன். "வாழ்த்துகள்! ஓர் அற்புதமான இயந்திரத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டீர்கள்!" என்று ஆங்கிலத்தில் இருக்கும். "பயன்படுத்துமுன் படிக்கவும்" என்று நான் எழுதுவேன். உள்ளதை அப்படியே எழுதினால், எங்கள் பக்கத்து மேற்கு ஜட்லாந்துக்காரன் மெஷினைக் கொண்டுபோய்க் கடையிலேயே கொடுத்துவிடுவான். இவ்வளவு புகழ்கிறார்கள் என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்பது அவன் கணக்கு. எங்களிடம் ஒரு பொருள் மிக மிக நன்றாக இருந்தால் "மோசமில்லை" என்போம். அதற்கு மேலே படி கிடையாது.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. பக்கத்து வீட்டு தோர்கில் என்னிடம் கேட்ட உதவி சரியாக இந்த இடத்தில்தான் வந்து இடித்தது.

தோர்கில் மீன்பிடிப் படகை விற்றுவிட்டு ஓய்ந்திருந்தவர். மனைவி எல்சேபெத் இறந்துபோய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் டாக்னி. அவள் ஓஹையோவில் இருந்து வந்த வெஸ்லி என்ற பையனைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே போய், அவன் அம்மா வீட்டிலேயே குடியிருப்பதாக ஏற்பாடு. அந்த அம்மா, லொரெய்ன், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டாள்.

"குட்ருன், சம்பந்தியம்மா ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றாங்க," என்றார் தோர்கில், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு. "எனக்கு இங்கிலீஷ்ல 'யெஸ்', 'நோ', 'டீசல்' இந்த மூணுதான் தெரியும். நீ வந்து பக்கத்துல உட்காரு."

"டாக்னி இருக்காளே?"

"அவளா? மாமியார் மூஞ்சியில துப்பினாக்கூட, லேசாத் தூறுதுப்பான்னு சொல்லுவா. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். என் பொண்ணு அந்தம்மா கூரைக்குக் கீழதான் இருக்கப் போறா. அவங்க வார்த்தையை நம்பலாமா, கூடாதா?" விரலை நீட்டினார். "உன் மெஷின் வித்தையை அங்க காட்டாதே. சர்க்கரையும் போடாதே, தண்ணியும் ஊத்தாதே. அவங்க சொன்னது அப்படியே வரணும்."

"அப்படியே சொன்னா, அது அவங்க சொன்னதா இருக்காது தோர்கில்."

"என்ன பேச்சு இது! மீனை மீன்னு சொல்றதுல என்ன கஷ்டம்?"

ஒத்துக்கொண்டேன்.

லொரெய்ன் நெடுநெடுவென்று இருந்தாள். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். உள்ளே நுழையும்போதே சிரிப்பு முன்னால் வந்தது. கறுப்பு ரொட்டியைக் கடித்துவிட்டு அற்புதம் என்றாள். ஊறவைத்த ஹெர்ரிங் மீனைத் தொட்டுவிட்டு அற்புதம் என்றாள். ஜன்னலுக்கு வெளியே கடற்கழியின் மேல் சாய்வாக மழை பெய்துகொண்டிருந்தது. அதையும் பார்த்துவிட்டு அற்புதம் என்றாள். எனக்கு இட்ட கட்டளைப்படி ஒவ்வொன்றையும் எடை குறையாமல் இறக்கி வைத்தேன்.

தோர்கில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார். "ரொட்டி அற்புதம், மீன் அற்புதம், மழையும் அற்புதம். அப்ப என் பொண்ணுக்கு என்ன வார்த்தை மிச்சம் இருக்கு?"

கேள்வி புரிந்தது மாதிரி, அந்த நேரம் பார்த்து லொரெய்ன் டாக்னியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பொண்ணு இருக்காளே, அற்புதமான பொண்ணு!"

சொன்னேன். வேறு வழி?

"ம். மழையும் அவளும் ஒண்ணு," என்றார்.

டாக்னி மேஜைக்கு அடியில் அப்பாவின் காலை மிதித்தாள். லொரெய்ன் விடவில்லை. டாக்னி தனக்குச் சொந்த மகள் மாதிரி என்றும், இதை இதயத்தின் அடியாழத்திலிருந்து சொல்வதாகவும் சொன்னாள்.

"இதயம் டாக்டரோட சமாச்சாரம். ஈரல்லேர்ந்து பேசச் சொல்லு," என்றார் தோர்கில்.

எங்கள் பேச்சில் உள்ளதை உள்ளபடி, பூச்சில்லாமல் பேசுவது ஈரலிலிருந்து பேசுவது. சம்பந்தியம்மாவிடம் போய் ஈரல் கணக்கை அவிழ்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "அவருக்கு நேராப் பேசினாப் பிடிக்கும்," என்று மட்டும் சொன்னேன்.

"நானும் அப்படித்தான்!" என்றாள் லொரெய்ன். "தோர்கில், நீங்க கண்டிப்பா எங்க வீட்டுக்கு வரணும். எப்ப வேணாலும். கதவு திறந்தேதான் இருக்கும்."

அன்றைக்கு முதல் முறையாக தோர்கிலின் முகம் தெளிந்தது. எழுந்து அடுக்களைக்குப் போனார். இழுப்பறையிலிருந்து பாக்கெட் காலண்டரை எடுத்து வந்தார். கண்ணாடியை மாட்டி, பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு கேட்டார்.

"எந்த வாரம்?"

எங்களுக்குப் பல் டாக்டர், கோடை விடுமுறை, அறுபதாம் பிறந்தநாள் எல்லாமே வருஷத்தின் எத்தனையாவது வாரம் என்ற எண்ணில்தான். வா என்று கூப்பிடுகிறவன் வாரத்தைச் சொல்வான். சொன்னால் பென்சில் எழுதும். எழுதினால் புயலே அடித்தாலும் அந்த வாரம் கதவைத் தட்டுவார்கள்.

லொரெய்ன் என்னைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள். "எந்த வாரம்னா? ஓ, அது… எப்ப வேணாலும்! பார்ப்போம்!"

"எப்ப வேணாலும். பார்ப்போம்," என்றேன் டேனிஷில்.

பென்சில் கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலேயே நின்றது. பிறகு காலண்டரை மூடிவிட்டார். எங்கள் ஊரில் 'பார்ப்போம்' என்றால் இல்லை என்று அர்த்தம். அடித்துச் சொல்கிற இல்லை கூட அதைவிடத் தேவலை.

புறப்படும்போது லொரெய்ன் எல்லோரையும் கட்டிப்பிடித்து இன்னும் நாலு அற்புதம் சொன்னாள். மேஜையை விட்டு எழும்போது எங்கள் குழந்தைகள்கூடச் சொல்கிற ஒன்று உண்டு, "சாப்பாட்டுக்கு நன்றி" என்று. அதை அவள் சொல்லவில்லை. அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

தோர்கில் அதையும் கவனித்திருந்தார். "மீனைப் பத்தி அவ்வளவு பேசினாங்க. சாப்பாட்டுக்கு ஒரு நன்றி இல்லை. என் பொண்ணு ஒரு விளம்பரப் பலகையோட குடித்தனம் பண்ணப் போறா குட்ருன்."

"கல்யாணத்தை நிறுத்தப் போறியா?"

"நிறுத்த நான் யாரு? அவ போகட்டும். ஆனா எனக்கு இனிமே தூக்கம்னு ஒண்ணு இல்லை."

மறுநாள் லொரெய்ன் தனியாக என் வீட்டுக்கு வந்தாள். குடை காற்றில் மேல்நோக்கி விரிந்து, பூ மாதிரி ஆகியிருந்தது.

"அவருக்கு என்னைப் பிடிக்கலை, இல்ல? நான் என்ன தப்பாச் சொன்னேன்?"

காபியை ஊற்றினேன். "தப்பா எதையும் சொல்லலை. எல்லாத்தையும் பெரிசாச் சொன்னீங்க. ஒண்ணை மட்டும் சின்னதா விட்டுட்டீங்க."

"எதை?"

"வாரத்தை."

காலண்டர், பென்சில், பார்ப்போம், நேற்று நான் சொல்லாமல் விட்ட ஈரல் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"எங்க ஊர்ல எப்ப வேணாலும் வாங்கன்னு சொல்றதுதான் மரியாதை. தேதி குடுத்தா, மத்த நாள் வராதேன்னு சொன்ன மாதிரி ஆயிடும்ல?"

"இங்க தேதி குடுக்கலைன்னா, எந்த நாளும் வராதேன்னு ஆயிடும்."

இத்தனை வருஷம் இரண்டு மொழிக்கும் நடுவில் நின்று வேலை செய்கிறேன். அந்தப் பக்கத்து ஜனங்கள் ஏன் தேதி சொல்வதில்லை என்று யாரும் எனக்கு இப்படி விளக்கியதில்லை. அதற்காக இன்றும் அவளுக்கு நன்றியோடு இருக்கிறேன்.

"எனக்குப் பேச்சு பெரிசாத்தான் வருது குட்ருன்," என்றாள் லொரெய்ன். "பஸ்ஸுல பின்னாடி அத்தனை பிள்ளைங்க கத்தும். சின்னதாப் பேசினா யார் காதுல விழும்? எனக்கு ரெண்டும் பசங்க. எது சொன்னாலும் தோளைக் குலுக்கிட்டுப் போயிடுவானுங்க. அடுக்களையில நின்னு எதுத்துப் பேச ஒரு பொண்ணு வரப் போறாளேன்னு நான் எவ்வளவு ஆசையா இருக்கேன் தெரியுமா? இதை அந்த மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"இதை இப்படியே சொன்னா நம்ப மாட்டார். வாரத்தைச் சொல்லுங்க, நம்புவார்."

சுவரில் இருந்த என் காலண்டரின் முன்னால் போய் நின்றாள். அடுத்த வருஷத்துப் பக்கத்தில் விரலை வைத்து ஓட்டினாள். "வசந்தத்துல எங்க ஸ்கூல் மூடற வாரம் இது. எனக்கு பஸ் கிடையாது. இதுக்கு என்ன நம்பர்?"

"பதினாலு."

"சொல்லிக் குடு."

டேனிஷ்காரன் வாயில் சூடான உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிறான் என்று ஸ்வீடன்காரர்கள் கேலி செய்வார்கள். கல்யாணம் வரைக்கும் லொரெய்ன் தினமும் என் அடுக்களைக்கு வந்து அந்த உருளைக்கிழங்கை மென்றாள்.

கல்யாண விருந்து ஊர் மண்டபத்தில். வழக்கப்படி வெஸ்லியைப் பிடித்துக் கிடத்தி, அவன் காலுறையின் நுனியைக் கத்தரித்தாயிற்று. எல்லோரும் தரையைக் காலால் உதைக்க, பெண்ணும் மாப்பிள்ளையும் மேஜைக்கு அடியில் புகுந்து முத்தம் கொடுத்தாயிற்று. மீன் முடிந்து, கறி வருவதற்கு முன்னால் லொரெய்ன் கரண்டியால் கண்ணாடிக் கோப்பையைத் தட்டினாள். மொழிபெயர்க்க நான் எழுந்தேன். அவள் என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"சாப்பாட்டுக்கு நன்றி," என்றாள், டேனிஷில்.

"இன்னும் கறியே வரலை!" என்று கடைசி மேஜையிலிருந்து ஒருவர் கத்தினார். மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு தோர்கிலை நேராகப் பார்த்தாள்.

"தோர்கில். ஈரல்லேர்ந்து சொல்றேன். வாரம் பதினாலு. ஏர்போர்ட்ல நிப்பேன்."

உட்கார்ந்துவிட்டாள். எங்கள் ஊர் கேட்ட கல்யாணப் பேச்சுகளிலேயே அதுதான் குட்டை. அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டியவருக்கு விளங்கியது. தோர்கில் கல்யாணக் கோட்டின் உள்பையில் கையை விட்டார். அந்தக் காலண்டர் வெளியே வந்தது. மகள் கல்யாணத்துக்கு எதற்காக அதை எடுத்து வந்தார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வருஷத்துக்கான கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பென்சிலை நாக்கில் தொட்டு, எழுதினார். இரண்டு தரம் அடிக்கோடு போட்டார்.

"மோசமில்லை," என்றார்.

லொரெய்ன் என் பக்கம் திரும்பினாள். மீனை மீன் என்று சொல் என்ற உத்தரவு எனக்கு நினைவில் இருந்தது. நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: "எல்சேபெத் போனதுக்கு அப்புறம் இவ்வளவு சந்தோஷத்தை யாரும் தனக்குக் குடுத்ததில்லையாம். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலையாம்."

லொரெய்ன் கண்ணைத் துடைத்தாள். இரண்டு மொழியும் தெரிந்த டாக்னி, மேஜைத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான் சொன்னது ஒரு வார்த்தை. நீ என்ன அவ்வளவு நேரம் பேசுற?" என்றார் தோர்கில்.

"அப்படியேதான் சொன்னேன்."

அதற்குள் யாரோ எழுந்து கோப்பையைத் தூக்க, எல்லோரும் எழுந்து ஹுர்ரா போட்டார்கள். கறியும் வந்தது.

பதினாலாவது வாரம் தோர்கில் ஓஹையோவுக்குப் போனார். திரும்பி வந்த மறுநாள் என் வாசலில் நின்றார்.

"போன தடவைக்கு நன்றி குட்ருன்."

போனமுறை சேர்ந்திருந்ததற்கு அடுத்தமுறை பார்க்கும்போது நன்றி சொல்லாமல் எங்களில் யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. உட்காரவைத்துக் காபி ஊற்றினேன்.

"நின்னாங்களா?"

"நான் இறங்கறதுக்கு முன்னாடியே நின்னாங்க. 'போன தடவைக்கு நன்றி'ன்னு நம்ம பேச்சிலேயே சொன்னாங்க. அதையும் நீதான் சொல்லிக் குடுத்திருப்பே."

"நான் குடுக்கலை."

"அப்ப டாக்னி." காபியைக் குடித்தார். "வீட்டுல எல்லாம் பழையபடி அற்புதம்தான். கோழி அற்புதம், என் செருப்பு அற்புதம். அது கிடக்கட்டும். மூணாம் நாள் காலையில டாக்னி தோட்டத்துலேர்ந்து சேத்துக் காலோட அப்படியே அடுக்களைக்கு வந்தா. சம்பந்தியம்மா போட்டாங்க பாரு ஒரு சத்தம்! பூட்ஸைக் காட்டி, தரையைக் காட்டி, துடைப்பத்தைக் கையில திணிச்சு… இவ சும்மா இருப்பாளா? பதிலுக்கு இவளும் கத்தினா. அப்புறம் ரெண்டு பேரும் திட்டிக்கிட்டே சேர்ந்து துடைச்சாங்க."

"இங்கிலீஷ்லயா?"

"பின்னே? ஒரு வார்த்தை விடாம எனக்குப் புரிஞ்சுது." ஜன்னல் வழியாகத் தன் வீட்டைப் பார்த்தார். "எல்சேபெத் அப்படித்தான் கத்துவா. அதே வார்த்தைகளா இருக்கும். விருந்தாளியா வந்துட்டுப் போறவளை யாரும் அப்படித் திட்ட மாட்டாங்க குட்ருன். அன்னிக்கு ராத்திரி நான் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்."

எழுந்து, காபிக்கு நன்றி சொல்லி, தொப்பியைப் போட்டுக்கொண்டார். கதவுப் பிடியில் கை வைத்தவர் அப்படியே நின்றார்.

"கல்யாணத்தன்னிக்கு நான் சொன்னதை நீ இங்கிலீஷ்ல என்னவாச் சொன்னேன்னு டாக்னி சொல்லிட்டா."

"தப்பாச் சொல்லிட்டேனா?"

அவசரப்படாமல் யோசித்தார். "இல்லை. அதைத்தான் சொன்னேன்." கதவைத் திறந்தார். காற்று உள்ளே வந்தது. "உன் வேலை மோசமில்லை."

அவர் வேலியைத் தாண்டிப் போகிற வரைக்கும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். அந்த வார்த்தையை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.