மாதேவியிடமும் கேட்டார்கள்

டாக்டர் ஸரஸா மைசூரில் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாடு சுதந்திரமடைந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம். அன்று காலை வார்டுக்குள் நுழைந்தபோது, ஹனூரிலிருந்து வந்திருந்த மாதேவியின் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. முந்தின நாள் பிறந்த பெண். முதுகெலும்பு அடியில் மூடாமல், மெல்லிய தோல் பையொன்று புடைத்திருந்தது. கால்கள் அசையவில்லை. பால் கொடுக்க வேண்டாமென்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டதாக நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

 ஸரஸா நேரே பெரிய டாக்டர் ஸ்ரீனிவாசராகவனின் அறைக்குப் போனாள். அவர் ஈரமில்லாதவர் அல்ல. இப்படிப் பிறந்த குழந்தைகள் சீழ் வைத்து, ஜுரத்தில் துடித்துச் சாவதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவர். ஆபரேஷன் செய்தாலும் நடக்காது, மூத்திரம் அடங்காது, தலையில் நீர் கோத்துக்கொள்ளலாம் என்றார். பாலை நிறுத்தத் தகப்பன் லிங்கப்பன் சம்மதித்துவிட்டானாம்.

"தாயாரைக் கேட்டேளா, ஸார்?"

பச்சை உடம்புக்காரியிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று அவர் முனகினார். தானே சொல்வதாகச் சொல்லிவிட்டு ஸரஸா ஏறக்குறைய ஓடினாள்.

கட்டிலோரம் உட்கார்ந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். லிங்கப்பன் சுவரோரம் தலைகுனிந்து நின்றான். மாதேவி கதறுவாள் என்று நினைத்திருந்தாள். அவள் கேட்டதோ வேறு.

"இப்ப அழுகறது வலியிலீங்களா, பசியிலீங்களா?"

"பசியிலதான்மா."

மாதேவி கையை நீட்டினாள். மார்பில் வாய் வைத்ததும் குழந்தை உறிஞ்சிய வேகத்தைப் பார்த்து ஸரஸாவுக்குச் சிலிர்த்தது.

"நாம போனதுக்கப்புறம் இவள ஆரு பாப்பா?" என்றான் லிங்கப்பன். நியாயமான கேள்வி. 

"அது எனக்கும் தெரியலீங்க. பட்டினி போட்டு அனுப்ப மட்டும் என்னால ஆகாது. கத்தி வெச்சுப் பாக்கட்டும். அதுக்கு மேல போனா போகட்டும்," என்றாள் மாதேவி. அவன் தலையசைத்தான்.

ஸரஸா போய் அதை ஸ்ரீனிவாசராகவனிடம் சொன்னாள். இந்த ஆபரேஷனை மதராஸில் ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி என்றார். பிறகு எழுந்து கை கழுவப் போனார்.

மயக்கம் கொடுக்க ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டது ஸரஸாதான். அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்குவதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் அவள் கண்ணில் படவில்லை. நரம்புகளை உள்ளே ஒதுக்கி, தோலை இழுத்து, பெரியவர் தைத்து முடித்தார். மயக்கம் தெளிந்து குழந்தை கத்தியபோது, முகத்துணிக்குள் ஸரஸா சிரித்தாள். கண்ணீரும் வழிந்தது.

"அடுத்த குழந்தைக்கு நானே வேண்டாம்னு சொல்லலாம். நீயே சொல்லும்படியாவும் வரலாம்," என்றார் அவர்.

இருக்கலாம் என்றுதான் அவளுக்கும் பட்டது. ஆனாலும் மாதேவியிடம் சொல்ல அவள் கால்கள் பறந்தன.

தலையில் நீர் கோக்கவில்லை. காயம் ஆறியது. கால்கள் மட்டும் அசையவேயில்லை. ஊருக்குப் புறப்பட்ட அன்று லிங்கப்பன் குழந்தையைத் தானே வாங்கிக்கொண்டான். முதுகில் கை அழுந்தாமல் பிடிப்பது எப்படியென்று காட்டச் சொன்னான். ஸரஸா காட்டினாள். இன்னொரு முறை காட்டச் சொன்னான்.