கூப்பிட்ட பேர்

கரண்டியில் இருந்த மருந்தில் பாதி கன்னத்தில் வழிந்தது. மகள் துண்டால் துடைத்துவிட்டாள். அம்மா கண்ணைத் திறந்து, "உங்களுக்கு ரொம்ப சிரமம் குடுக்கிறேன் சிஸ்டர்" என்றாள்.

காலையிலிருந்து இதே கதைதான். பெற்ற மகளாக இருந்தால் மறந்திருப்பாளா என்று ஒரு பாழாய்ப்போன நினைப்பு வந்தது. வந்ததற்காக மகளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக இருந்தது. இன்று பொழுது தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்குள் ஒரே ஒரு தடவை 'பாப்பா' என்று கூப்பிட்டுவிட்டால் போதும்.

"நான் சிஸ்டர் இல்லம்மா. பாப்பா!"

அம்மா பதறிப்போனாள். "பாப்பாவா? அவளுக்கு என்னாச்சு?"

"விடும்மா" என்று மகளிடம் சொன்னார் கட்டில் ஓரத்தில் நின்ற அப்பா. "நீ மட்டும் என்னவாம்? ஒரு வருஷம் அவளை சிஸ்டர்னுதானே கூப்பிட்டே."

உண்மைதான். ஐந்து வயதில் கன்னியாஸ்திரீகளின் இல்லத்திலிருந்து தத்தெடுத்து வந்தபோது, சோறு போடுகிறவர் யாராக இருந்தாலும் அவளுக்கு சிஸ்டர்தான். "என்னக்கா, புருஷன் இருக்கும்போதே மடத்துல சேர்ந்துட்டீங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரிகூட கேலி செய்தாள். அம்மா ஒருநாளும் பிள்ளையைத் திருத்தவில்லை. தத்தெடுத்த குடும்பங்களுக்காக சர்ச் ஹாலில் மாதாமாதம் கூட்டம் நடத்த ஆரம்பித்த பிறகும், 'இன்னும் என்னை அம்மான்னு கூப்பிடலையே' என்று அழுகிற பெண்களுக்கு அவள் சொன்னது இவ்வளவுதான்: "எப்படிக் கூப்பிட்டாலும் என்னன்னு கேளுங்க. கூப்பிடுதே!"

"சிஸ்டர்..."

மகள் நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டாள். "சொல்லுங்கம்மா."

"நீங்க கிளம்புங்க. எம்பொண்ணு ஆபீஸ் விட்டு வர்ற நேரம். வந்தா இந்த நாற்காலியிலதான் உக்காருவா."

"சரிங்கம்மா. வரேன்."

எழுந்து வாசலுக்குப் போனாள். செருப்பை மாட்டி, கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவைச் சத்தமாகத் திறந்து மூடினாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அம்மா, வந்துட்டேன்."

"ஏன் பாப்பா இவ்வளவு நேரம்?"

"பஸ் கிடைக்கலம்மா."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்று இன்னொரு பொய்யும் சொன்னாள்.

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஆறு மணி வாக்கில் மூச்சு நின்றது. அப்பா ஜெபத்தை முடித்துவிட்டு மகளின் தோளிலிருந்து கைப்பையைக் கழற்றினார். பிறகு குனிந்து அவள் செருப்பின் வாரை அவிழ்க்க ஆரம்பித்தார்.