நூற்று அறுபது முறை பிடுங்கிய மௌஸ்

ஐந்தாம் எண் சலவை இயந்திரம் வாரத்தில் இரண்டு மூன்று நாள், சரியாக மதியச் சாப்பாட்டு நேரத்தில், தானாக நின்றுவிடும். நூற்றைம்பது கிலோ படுக்கை விரிப்புகள் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டு கிடக்கும். முதலாளியம்மா உடனே அவளுக்குப் போன் போட்டு, உங்கள் பெட்டி மறுபடி மக்கர் பண்ணுகிறது என்பார்.

அந்தப் பெட்டி, இயந்திரத்தை ஓட்டும் சின்னக் கணினி. அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. பெட்டியின் பின்புறம் நான்கு யூஎஸ்பி துளைகள். ஒன்றில் துணியின் எடை பார்க்கும் மேடை, இன்னொன்றில் மௌஸ். மற்ற இரண்டும் காலி. எடை மேடையின் இணைப்பு ஒரு நொடி விட்டுப்போனாலும் இயந்திரம் பாதுகாப்புக்காக நின்றுவிடும். அது ஏன் விட்டுப்போகிறது என்பதுதான் புரியவில்லை.

இயங்குதளத்தின் மையத்தில் இருக்கும் கெர்னல், எது செருகப்பட்டது, எது பிடுங்கப்பட்டது என்று ஒவ்வொன்றையும் லாக் என்ற பதிவேட்டில் எழுதி வைக்கும். ஆனால் இந்தப் பெட்டியில் அது நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும். அதற்கு ஒதுக்கிய இடம் வெறும் பதினாறு கேபி. நிரம்பிவிட்டால் புது வரி வந்து பழைய வரியைத் தள்ளிவிடும். அவள் எப்போது வந்து பார்த்தாலும் ஒரே கதைதான்: மௌஸ் வந்தது, மௌஸ் போனது, மௌஸ் வந்தது, மௌஸ் போனது. மூன்று புது மௌஸ் மாற்றிப் பார்த்துவிட்டாள். மூன்றுக்கும் அதே வியாதி.

நான்காவது தடவை வந்தபோது வரிகளின் ஓரத்தில் இருந்த நேரத்தைக் கவனித்தாள். மௌஸ் இரண்டு நொடிக்கு ஒரு முறை, கடிகாரம் மாதிரி, போய்ப் போய் வந்திருந்தது. தளர்ந்த இணைப்பு இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. யாரோ உட்கார்ந்து பிடுங்கிப் பிடுங்கிச் செருகியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் இருந்த ஏதோ ஒரு வரியைத் தள்ளி அழிக்கத்தான்.

பழையது தள்ளப்பட்டுவிடும் என்று தெரிந்த ஆள் யார்? யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஐந்தாம் எண்ணை ஓட்டுபவர் அவள் அக்காவின் கணவர். போன மாதம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், லாக் எவ்வளவு பிடிக்கும், நிரம்பினால் என்ன ஆகும் என்று மாமா தூண்டித் தூண்டிக் கேட்டார். குடும்பத்தில் அதுவரை ஒருவரும் அவள் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவள் பூரித்துப்போய்த் தாளில் வட்டம் போட்டு, ஒரு மௌஸை முப்பது தடவை பிடுங்கினாலே நிரம்பிவிடும் என்று உதாரணத்தோடு விளக்கியிருந்தாள். இப்போது நினைத்தால் ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் சிரிப்பு.

அன்று துணி வெளியே வந்ததும், பெட்டி தொடங்கும்போது படிக்கும் வரியில் லாக்கின் அளவை ஒரு எம்பி என்று எழுதினாள். முன்பைவிட அறுபத்து நான்கு மடங்கு. திரும்பத் தொடங்கினால்தான் அது நடப்புக்கு வரும் என்பதால், முதலாளியம்மாவிடம் மட்டும் இருந்த பெட்டிச் சாவியை வாங்கி அதை அணைத்துத் திரும்பப் போட்டாள்.

மாமா பக்கத்தில் வந்து நின்றார். "என்னம்மா மாத்தின?"

"லாக்கைக் கொஞ்சம் பெருசாக்கினேன் மாமா. நாலு மடங்கு இருக்கும்."

அவர் உதடு அசைந்தது. மனக்கணக்கு என்று அவளுக்குப் புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒயர்களைச் சுருட்டினாள்.

மூன்றாம் நாள் இயந்திரம் நின்றது. அவள் போய்ச் சேர்ந்தபோது மாமாவின் வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. மூட்டை தூக்கியதில் பிசகிவிட்டதாம். அவள் பாவம் என்று சொல்லிவிட்டுத் திரையின் முன் உட்கார்ந்தாள். முதலாளியம்மா பின்னால் நின்று பார்த்தார்.

மௌஸ் நூற்று அறுபது தடவை வந்து போயிருந்தது. கடைசி நாற்பதில் இடைவெளி இரண்டு நொடியிலிருந்து ஐந்து நொடியாகியிருந்தது. கை சோர்ந்த இடம் அது. அவள் நிதானமாக மேலே போனாள். எல்லா மௌஸுக்கும் முன்னால் ஒரு வரி இருந்தது. வேறொரு சாதனம் செருகப்பட்டிருக்கிறது. அதன் பெயரைக் கெர்னல் அப்படியே எழுதி வைத்திருந்தது: கரோக்கே மைக். அது மின்சாரத்தை உறிஞ்சிய அடுத்த நொடியே எடை மேடையின் இணைப்பு விட்டுப்போயிருந்தது.

அவள் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"யாரோடது இது?" என்றார் முதலாளியம்மா.

"என்னோடதுதாம்மா," என்றார் மாமா. மைக்கின் பேட்டரி வீணாகிவிட்டது, செருகி வைத்தால்தான் வேலை செய்யும், மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு பாடினால் டிரம் சுற்றும் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்தேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"இஸ்திரி போடுற ரூமுக்கு நல்லாவே கேக்குது. நான் ரேடியோன்னு நினைச்சேன். அதை நிறுத்தச் சொல்லி ரெண்டு தடவை ஆள் அனுப்பினேன்."

இதில் ரேடியோ என்ற சொல் மட்டும்தான் மாமாவின் காதில் விழுந்தது. தலை நிமிர்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதை நினைவுபடுத்திக்கொண்டு அதை அவர் அடக்கப் பட்ட பாட்டை அவள் பார்த்தாள்.

முதலாளியம்மா காலித் துளைகள் இரண்டையும் அடைக்கச் சொன்னார். பெட்டியைக் குறை சொன்னதற்கு அவளிடம் வருத்தம் தெரிவித்தார். மாமாவுக்கு மணிக்கட்டு சரியாகும் வரை சோப்புக் கிடங்கில் கணக்கெடுக்கும் வேலை. வீட்டில்தான் விஷயம் பெரிதானது. அந்த மைக்கைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டதாக அக்காவிடம் அவர் சத்தியம் செய்திருந்தாராம். அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அவள் அக்கா வீட்டுக்குப் போனபோது மாமா தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தாள். அவர் குரலைத் தாழ்த்தி, "நாலு மடங்குன்னுதானே சொன்ன? நூத்தி அறுபது தடவை பிடுங்கினேனே, எப்படிப் பத்தாமப் போச்சு?" என்றார்.

"அறுபத்து நாலு மடங்கு மாமா. கிட்டத்தட்ட ரெண்டாயிரம் தடவை பிடுங்கியிருக்கணும்."

மாமா மணிக்கட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு தைல பாட்டிலை அவளிடம் நீட்டி, மூடியைத் திருகித் தரச் சொன்னார். அவர் கை இன்னும் அதற்கு வளையவில்லை.