வேண்டா என்றால் யார்?

நாலாவதும் பெண்ணாகப் பிறந்தால் எங்கள் பக்கத்தில் ‘வேண்டா’ என்று பேர் வைத்துவிடுவார்கள். பெண் போதும் தாயே, அடுத்தது பையனாகக் கொடு என்று அம்மனுக்குச் சொல்லி அனுப்புகிற சேதி அது. கருங்குழி தனகோடியின் நாலாவது மகளுக்கும் அப்படித்தான் ஆயிற்று. மறு வருஷமே எல்லப்பன் பிறந்தான். “பேரு பலிச்சிடுச்சு!” என்று வீடே கொண்டாடியது. பேரைச் சுமந்தவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள், பாவம், அவளுக்கு அப்போது ஒரு வயசு.

அந்த வேண்டா இப்போது செங்கல்பட்டில், ஏரியை ஒட்டிய காலேஜில், பி.எஸ்ஸி. மூன்றாம் வருஷம். எழுபத்தைந்தாம் ஆண்டு பங்குனி மாசம். வார்டன் முணுமுணுக்க முணுமுணுக்க, விடிகிற நேரத்துக்கே ஹாஸ்டலை விட்டு இறங்கிவிடுவாள். இலுப்பை மரத்தடியில் பூ பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருக்கும். காற்றே தித்திக்கும். தூங்குமூஞ்சி மரங்கள் இலைகளை மூடிக்கொண்டு நிற்கும். அவை கண் விழிக்கிறவரை அவளும் பாதித் தூக்கத்திலேயே நடப்பாள். புங்கமரத்துக்குள் மஞ்சளாக எதுவோ நழுவினால், அது மாங்குயில். புதருக்குள்ளிருந்து குடத்துக்குள் பேசுகிற மாதிரி ‘ஊப் ஊப்’ என்றால் செம்போத்து. விசிறிக் கொண்டையை விரித்துத் தரையில் நடக்கிறதே, அதை ஊரே மரங்கொத்தி என்கிறது. அது கொண்டலாத்தி, மரத்தைக் கொத்துவதே இல்லை. ஊரார் வைத்த தப்பான பேரைப் பற்றி அதற்கு ஒரு கவலையும் கிடையாது. அதைப் பார்த்தால் வேண்டாவுக்குப் பொறாமையாக இருக்கும்.

அந்த நேரத்தில் தனக்கும் பேர் வைத்துப் பார்ப்பாள். மகிழமரத்தடியில் நின்றால் மகிழா. பூவரசின் கீழே பூவரசி. மரத்துக்கு மரம் வேறு வேறு பெண்ணாக ஏரிக்கரை வரை போய்வருவாள். வெயில் ஏறியதும் எல்லாப் பேரும் உதிர்ந்துவிடும். காலை டிபனுக்கு மறுபடி வேண்டாவாகப் போய் உட்கார்ந்துகொள்வாள்.

அந்த வருஷம் விலங்கியலுக்குப் புதுப் பேராசிரியர் வந்திருந்தார். சாலமோன் என்று பேர், நாகர்கோவில் பக்கம். வகுப்பில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், நம்பர்தான். ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார்:

“மாமல்லபுரத்துலருந்து கல்பாக்கம் வரை கரையோரத்து மரம், பறவை எல்லாம் பார்த்து எழுதணும். யுனிவர்சிட்டி வேலை. கூட வர ஒரு ஸ்டூடண்ட் வேணும். நல்லா செஞ்சா எம்.எஸ்ஸி. சீட்டுக்கு நானே சொல்வேன். நம்ம காம்பவுண்டுக்குள்ள எந்த மரத்தை, எந்தப் பறவையைக் காட்டினாலும் பேர் சொல்ற ஆள் யாரு இருக்கா?”

வேண்டா பெஞ்சின் நுனிக்கே வந்துவிட்டாள். மதுராந்தகத்தில் லாரி வைத்திருக்கிற ஒருவருக்கு அவளை வைகாசியில் கொடுப்பதாகப் பேச்சு. “மேல படிக்க எடம் கெடைச்சா அப்ப பாக்கலாம்” என்று அப்பா ஒரே ஒரு சந்து விட்டிருந்தார். அந்தச் சந்து இதோ, எதிரில் திறந்து கிடக்கிறது.

பக்கத்தில் இருந்தவள் அவளுடைய உயிர்த் தோழி ஷரீபுன்னிசா, ஜவுளிக்கடை ஷேக் தாவூதின் மகள். துள்ளி எழுந்தாள்.

“வேண்டா சார்!”

பேராசிரியருக்கு முகம் சுருங்கிவிட்டது. “வேண்டாம்னா உட்காரு பிள்ளே. நான் யாரையும் கட்டாயப்படுத்தல்லியே.”

“ஐயே, அதில்ல சார்! வேண்டா! வேண்டாதான் சார்!”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தன்னைக் கேலி செய்கிறார்கள் என்றே அவர் நினைத்துக்கொண்டார். “இங்க ஆளில்லன்னா மெட்ராஸ்ல கிடைக்கும். திங்கட்கிழமை கிளம்பறேன்” என்று புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார்.

“அந்தாளுக்குக் காது கீதா இல்லியா? இரு, நா போயி சொல்லிட்டு வர்றேன்” என்றாள் ஷரீபுன்னிசா.

“உனக்குப் புண்ணியமாப் போவும், சும்மா இரு. நானே சொல்லிக்கிறேன்.”

“நீயா? நீ சொல்லிக் கிழிச்ச!”

அவள் சொன்னபடியேதான் ஆயிற்று. மறுநாள் ஸ்டாஃப் ரூம் வாசல்வரை போய்விட்டு வேண்டா திரும்பி வந்தாள். யாரது என்று உள்ளேயிருந்து கேட்டால் என்ன பதில் சொல்வது? வேண்டா என்றால், சரி, போ என்றுவிடுவாரே! பேர் வைத்த எல்லார் மேலும் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஏரிமேல் பனி பால்போல் படிந்திருந்தது. கரையோரத்துச் சரளைமேட்டில் சாலமோன் தனியாக, பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி வந்துகொண்டிருந்தார். வேண்டா சட்டென்று ஈச்சம்புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இப்போது விட்டால் இனி இல்லை என்று தெரிகிறது. ஆனால் கால் எழவில்லை, வாயும் எழவில்லை.

அவர் தலைக்கு மேல் ஆள்காட்டி ஒன்று கீச்கீச்சென்று கத்திக்கொண்டு வட்டமடித்தது. யார் எங்கே பதுங்கினாலும் கூச்சல் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடுகிற குருவி, அதனால்தான் அந்தப் பேர். அவர் அதையே அண்ணாந்து பார்த்தபடி நடந்தார். அது ஏன் கதறுகிறது என்று வேண்டாவுக்குத் தெரியும். சரளைக்கல்லோடு கல்லாக அதன் முட்டைகள் அங்கே கிடக்கின்றன. தூக்கிய கால் நேரே அவற்றின் மேல்தான் இறங்கப் போகிறது.

“வாணாம்! வாணாம் சார்!”

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. அவர் ஒற்றைக் காலில் அப்படியே நின்றார்.

“யாரது?”

“வேண்டா.”

“இப்பத்தான் வாணாம்னே, மறுபடியும் வேண்டாங்கற. காலை எங்கதான் வைக்கட்டும் பிள்ளே?”

புதரை விலக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“எங்க ஊர்ல வாணாம்னா கூடாதுன்னு அர்த்தம் சார். வேண்டான்னா நானு.”

அவர் குனிந்து பார்த்தார். காலடியில் மண்நிறத்தில் கரும்புள்ளி போட்ட முட்டைகள். மெல்லப் பின்வாங்கிக் காலை ஊன்றினார்.

“அப்போ அன்னைக்கு அந்தப் பிள்ள எழுந்து நின்னு…”

“என்னியத்தான் சொன்னா சார்.”

ஆள்காட்டி இப்போது வேண்டாவின் தலைக்கு மேல் வந்து, இவள்தான் இவள்தான் என்பதுபோல் கத்தியது. சாலமோன் சிரித்துவிட்டார். “இது ஒண்ணுதான் சரியா ஆள் காட்டுது” என்றார். “நாளைக்கு மாமல்லபுரத்துக்கு முதல் பஸ். ஆள் யாருன்னு யுனிவர்சிட்டில கேப்பாங்க. பேரு என்னன்னு சொல்லட்டும்? வேற பேரு ஏதும் உண்டா?”

மகிழாவும் பூவரசியும் நாக்கு நுனிவரை வந்து நின்றார்கள். ஏரிமேல் பனி கலைந்துகொண்டிருந்தது. தூங்குமூஞ்சி மரங்கள் ஒவ்வொன்றாக இலை விரித்தன. இருவரும் தள்ளி வந்ததும் குருவி இறங்கி வந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்தது.

“இல்ல சார். வேண்டான்னே சொல்லுங்க” என்றாள்.